முதல் வீடும் முன்பணமும்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். கட்டத் தொடங்கிய பின் நேரும் இடர்ப்பாடுகளை எல்லாம் அம்முதுமொழி ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. ஆனால் கட்டத் தொடங்குவதற்கு முன்னர், கையில் ஒரு சிறு தொகை சேரும் வரையில், ஒரு குடும்பம் காத்திருக்கும் காலத்தைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. அப்பழமொழி பிறந்த ஊரில் மனை பாட்டன் விட்டுச் சென்றது. மரம் தோப்பில் நின்றது. கூலியை நெல்லாக அளந்தார்கள். (மனையும் தோப்பும் இல்லாதவர்களுக்கு அன்றும் அப்பழமொழி பயன்பட்டிராது என்பதையும் நாம் மறத்தலாகாது.) மாதச் சம்பளத்தை நம்பி அயலூரில் வாழும் நம்மைப் போன்றோர்க்கே முன்பணம் என்னும் சொல் இத்துணைப் பெரிதாகத் தோன்றுகிறது.

நம் காலனியில் வாழ்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கதவில் எண் எழுதிய குவார்ட்டர்ஸில் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, படித்து முடிக்கிறார்கள். சுவருக்கு வெள்ளை அடிப்பதும் குழாயைப் பழுது பார்ப்பதும் அரசாங்கத்தின் பொறுப்பு. ஆனால் பணி ஓய்வு பெற்ற சில மாதங்களுக்குள் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். ஆகவே நமக்கு முன்பணம் என்பது தேதி குறித்த ஒரு காரியம். இன்று ரிசர்வ் பாங்கின் விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பின் நூற்றுக்குப் பத்துப் பங்கையேனும் வாங்குவோர் தம் கையிலிருந்து இட வேண்டும். 75 லட்சம் வரை இருபது பங்கு. அதற்கு மேல் இருபத்தைந்து பங்கு. முத்திரைத் தாளுக்கும் பதிவுக்கும் ஆகும் செலவு பெரும்பாலும் இதற்குப் புறம்பானது.

எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதை இவ்வாறு கணக்கிட்டுவிடலாம். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அதனினும் பெரிய கேள்வி வேறொன்று இருந்திருப்பது தெரியும். சேருகின்ற வரையில் அப்பணம் எவர் கையில் இருந்தது என்பதே அக்கேள்வி. எத்தனையோ குடும்பங்களின் விதியை அதுவே முடிவு செய்திருக்கிறது. அவ்வரலாற்றின் சில ஏடுகளை ஈண்டுக் காண்போம்.

முதல் ஏடு இங்கிலாந்து நாட்டுப் பர்மிங்காம் நகரத்தைச் சார்ந்தது. அந்நகரில் ஸ்நோ ஹில் என்னும் பகுதியில் 'கோல்டன் கிராஸ்' என்றொரு விடுதி இருந்தது. அதனை நடத்திய ரிச்சர்டு கெட்லி என்பவர் 1775-ம் ஆண்டில் ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். கைத்தொழிலாளரும் சிறு வணிகரும் மாதந்தோறும் விடுதியில் கூடினர். ஒவ்வொருவரும் தம் தவணையைச் செலுத்தினர். ஒரு வீட்டுக்கான தொகை சேர்ந்ததும் உறுப்பினருள் ஒருவருக்கு வீடு கிடைத்தது. வீடு பெற்றவரும் தவணையை நிறுத்துவதில்லை. எல்லார்க்கும் வீடு கிடைத்த நாளில் சங்கம் கலைந்தது. உலகின் முதல் கட்டடச் சங்கம் என்று இதனை வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர்.

இதனைப் படிக்கும் தமிழர்க்கு வியப்புத் தோன்றாது. இஃது அப்படியே நம் சீட்டு அன்றோ! குலுக்குச் சீட்டும் ஏலச் சீட்டும் நடத்தாத தெரு நம் நாட்டில் எது? கெட்லியும் ஒரு வகையில் சீட்டுப் பிடித்தவரே. இதன் கணக்கு மிக எளிது, எனினும் அழகியது. இருபது பேர் தனித்தனியே சேமிக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் ஒரு வீட்டுக்கான பணத்தைச் சேர்க்க இருபது ஆண்டுகள் பிடிக்குமானால், இருபதின்மரும் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவ்விருபதின்மரும் ஒன்று சேர்ந்து பணத்தைப் பொதுவில் இட்டால், ஆண்டுக்கு ஒரு வீடு எழும். முதலாமவர் ஓராண்டு காத்திருப்பார். கடைசியாளர் இருபது ஆண்டுகள் காத்திருப்பார். சராசரி பத்தரை ஆண்டு. ஒருவரும் தனியே சேமித்தால் காத்திருப்பதினும் மிகுதியாகக் காத்திருக்கவில்லை. பத்தொன்பதின்மர் முன்னரே வீடு கண்டனர். வட்டி என்று ஒரு காசும் வெளியிலிருந்து வராமல், சேர்ந்திருந்த ஒரே காரணத்தால் விளைந்த ஊதியம் இது.

லங்காஷயரில் லாங்ரிட்ஜ் என்னும் சிற்றூரில் 1793-ல் இத்தகைய சங்கம் ஒன்று தோன்றி, சில ஆண்டுகளில் வரிசையாக இருபது வீடுகளைக் கட்டி முடித்தது. 'கிளப் ரோ' என்ற பெயருடன் அவ்வரிசை இன்னும் நிற்கிறது.

ஆயினும் இக்கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. முதலில் வீடு பெற்றவர் தவணையை நிறுத்திவிட்டால் பின்னிற்போர் கதி என்ன? அன்றியும், இடையில் புதியவர் சேர விரும்பினால் கழிந்த மாதங்களின் தவணை முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். இக்குறையைப் போக்கவே 1840-களின் நடுவிலிருந்து 'நிரந்தர' சங்கங்கள் தோன்றின. இவை கலைவதில்லை. வீடு வேண்டுவோர் கடன் வாங்குவார். வீடு வேண்டாதாரும் வட்டிக்காகப் பணத்தை வைப்பார். சேமிப்பவரும் கடன் வாங்குபவரும் ஒருவராகவே இருந்த நிலை மாறி, இருவேறு மக்களாயினர். வளர்ச்சி இதனால் விரைந்தது. ஆனால் பணத்தை இட்டவர்க்கு, அது எந்த வீட்டில் செங்கல்லாக இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

அதன் விளைவு 1892-ல் வெளிப்பட்டது. அந்நாளில் இங்கிலாந்தின் மிகப் பெரிய கட்டடச் சங்கமாய் விளங்கியது 'லிபரேட்டர்' என்பது. அதனை நடத்தியவர் ஜபெஸ் பால்பர் என்னும் பாராளுமன்ற உறுப்பினர். தேவாலயங்களின் வாயிலாகவே சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். போதகர் பலர் முகவராக இருந்தனர். ஏழைகள் வீடு கட்ட இட்ட பணம் அவருடைய பிற கம்பெனிகளின் மாளிகைகளுக்குச் சென்றது. சங்கம் முறிந்ததும் பால்பர் அர்ஜென்டினாவுக்கு ஓடினார். 1895-ல் பிடித்துக் கொணரப்பட்டுப் பதினான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். தண்டனையால் போன பணம் திரும்பவில்லை.

இனி நம் சென்னைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சென்னையில் 'நிதி' என்னும் நிறுவனங்கள் தோன்றின. உறுப்பினர்களிடமே பணம் பெற்று உறுப்பினர்களுக்கே நகையின் பேரிலும் வீட்டின் பேரிலும் கடன் கொடுப்பது இவற்றின் நெறி. 1872-ல் தோன்றிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டு இவற்றுள் புகழ் பெற்றது. அதன் பெயரிலுள்ள 'பெர்மனென்ட்' என்னும் சொல், மேலே கூறிய நிரந்தரச் சங்கங்களை நினைவூட்டுவதைக் காண்க. குமாஸ்தாக்களும் பள்ளி ஆசிரியர்களும் மாதம் ஒரு சிறு தொகையைக் கட்டி, பெண்ணுக்குத் திருமணமோ கூடத்துக்குத் தளமோ ஆகும்போது எடுத்துக் கொண்டார்கள்.

ஆனால் பெரும்பணம் வைத்திருந்தோர் வேறிடத்தை நாடினர். ஆர்பத்நாட் கம்பெனி என்றால் அந்நாளில் சென்னையில் அசைக்க முடியாத பெயர். கடற்கரைச் சாலையில் அதன் அலுவலகம். தலைவரோ சர் பட்டம் பெற்ற ஆங்கிலேயர். வழக்கறிஞரும், ஓய்வூதியம் பெற்ற அதிகாரிகளும், கணவனை இழந்த பெண்டிரும் அங்கே பணத்தை வைத்தனர். 1906-ம் ஆண்டு அக்டோபர் 22-ம் நாள் அக்கம்பெனி கதவை மூடியது. லண்டனிலிருந்த கூட்டாளி ஊக வாணிபத்தில் பணத்தைத் தொலைத்திருந்தார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு மறு ஆண்டு பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அன்று அக்கதவின் முன் நின்றவர்களுள் எத்தனை பேர் ஒரு மனையோ ஒரு சிறு வீடோ கருதிச் சேர்த்திருப்பர்! அக்கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

அத்துயரத்திலிருந்து பிறந்ததே இந்தியன் பாங்கு. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரும் அவரைச் சார்ந்தோரும் முயன்று நிறுவிய அப்பாங்கு 1907 ஆகஸ்டு 15-ம் நாள் வேலையைத் தொடங்கியது. நம் பணம் நம்மவர் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணமே அதற்கு வித்து.

அவ்வெண்ணம் பம்பாயில் வேறொரு வடிவம் கொண்டது. இதனைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். ஏனெனில் இது நம்மைப் போன்றே ஊரை விட்டு வந்தவர்களின் கதை.

கன்னடக் கடற்கரையைச் சார்ந்த சித்ராபுர் சாரஸ்வதர் என்னும் சிறு சமூகத்தார், கொங்கணி பேசுபவர், குமாஸ்தா வேலை தேடிப் பம்பாய்க்கு வந்து குடியேறினர். எண்ணிக்கையில் மிகச் சிலர். சால் எனப்படும் நெருக்கமான அறைவரிசைகளிலே வாழ்க்கை. 1896-ல் நகரைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் பின் 1898-ல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்டு பழைய குடியிருப்புகளை இடித்து, புதிய மனைகளைப் பிரித்துக் குத்தகைக்கு விடத் தொடங்கியது. அம்மனைகளில் வீடு கட்டச் செல்வர்க்கு முடியும். குமாஸ்தாவுக்கு எங்ஙனம் முடியும்?

ஸ்ரீபாத் சுப்பராவ் தல்மக்கி என்னும் வழக்கறிஞர் அச்சமூகத்தவர். ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்த அதே 1906-ம் ஆண்டின் இறுதியில், அவர் தம் ஆசிரியரைப் போன்ற ஒரு பெரியவரின் பெயரால் சாம்ராவ் விட்டல் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் அது பாங்காக வளர்ந்தது. 1904-ம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே அனுமதித்தது; 1912-ல் வந்த புதிய சட்டம் பிற சங்கங்களுக்கும் வழி திறந்தது. (மைசூர் அரசில் தனிச் சட்டம் இருந்தமையால், பெங்களூரில் 1909-லேயே வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது.) 1915-ல் தல்மக்கி சாரஸ்வதக் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தைப் பதிவு செய்தார். காம்தேவியில் டிரஸ்டின் மனையைக் குத்தகைக்குப் பெற்று அச்சங்கம் கட்டடங்களை எழுப்பியது.

இங்கே நாம் காண வேண்டுவது அதன் அமைப்பு. உறுப்பினர் எவர்க்கும் தனி வீடு சொந்தமில்லை. கட்டடம் முழுவதும் சங்கத்துக்குச் சொந்தம். செலவில் ஒரு பகுதியை உறுப்பினர் பங்குத் தொகையாக இடுவர். எஞ்சியதைச் சங்கம் கடனாகப் பெறும். உறுப்பினர் மாத வாடகை செலுத்துவர்; அவ்வாடகையிலிருந்து கடன் தீரும். தாமே வீட்டுக்காரர், தாமே குடித்தனக்காரர்! லண்டனை அடுத்த ஈலிங்கில் 1901-ல் தொடங்கிய குடியிருப்போர் கூட்டுச் சங்கமும் இத்தகையதே. இம்முறையில் முன்பணம் சிறிதாயிற்று. ஏனெனில் மனையின் விலையை ஒருவரும் தனியே சுமக்க வேண்டுவதில்லை. மாறாக, வீட்டை விற்று இலாபம் காணும் வாய்ப்பை உறுப்பினர் துறக்க வேண்டும். அன்றைய குமாஸ்தாவுக்கு அது பெரிய துறவாகத் தோன்றவில்லை.

1906-க்கும் 1915-க்கும் இடையிலுள்ள ஒன்பது ஆண்டுகளையே நான் இக்கதையின் உயிர்நிலையாகக் கருதுகிறேன். அம்மக்கள் எடுத்த எடுப்பில் வீட்டுச் சங்கம் காணவில்லை. முதலில் சிறு தொகையை ஒருவரிடம் ஒருவர் ஒப்படைத்துப் பழகினர். கணக்கைப் பொதுக்கூட்டத்தில் கேட்டுப் பழகினர். கடனைத் தவணை தவறாமல் திருப்பிப் பழகினர். முன்பணத்துக்கு முன் அவர்கள் சேர்த்தது இப்பழக்கத்தை. பம்பாய் தார்தேவ் பகுதியிலுள்ள தல்மக்கிவாடி அப்பெரியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாதுங்காவில் குடியேறிய நம் தமிழர் பெரும்பாலும் வாடகை வீட்டையே நாடினர். அந்நாளில் வாடகை எளிது. மாடி வீடு ஒன்றைப் பெற முன்பணம் வேண்டியதில்லை. 1947-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1940 செப்டம்பர் முதல் நாளில் இருந்த வாடகையை அளவாகக் கொண்டது. உள்ளே இருந்தவர்க்கு அது பெருநிழல். வெளியே நின்றவர்க்கோ கதவு அடைந்தது. புதிதாய் வருபவர் 'பகடி' என்னும் பெருந்தொகையைக் கொடுத்தே வாடகை வீட்டுக்குள் நுழைய முடிந்தது. சொந்தமும் ஆகாத வீட்டுக்கு முன்பணம்! சட்டம் வாடகையைக் கட்டியது. வாடகை முன்பணமாய் உருமாறிக் கதவருகே உட்கார்ந்துகொண்டது.

தலைநகரின் கதை வேறு வகையானது. இங்கே நிலமும் வீடும் பெரும்பாலும் அரசாங்கத்தின் கையில் இருந்தன. 1956-ல் மத்திய அரசு தன் ஊழியர்க்கு வீடு கட்ட முன்கடன் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அக்கடனுக்காக வீட்டை இந்தியக் குடியரசுத் தலைவர் பெயருக்கு அடமானம் எழுதிக் கொடுக்க வேண்டும். கும்பகோணத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்த ஒரு கீழ்நிலை எழுத்தர்க்குக் குடியரசுத் தலைவரே கடன் கொடுத்தவர் ஆனார் என்று எண்ணும்போது முறுவல் வராமற் போகாது. கடனுக்கு மேற்பட்ட தொகைக்குப் பிராவிடண்டு நிதியும், இல்லாளின் கழுத்து நகையும், காலனிப் பெண்டிர் நடத்திய சீட்டும் துணை நின்றன. அச்சீட்டுகளைப் பற்றி எந்த அறிக்கையும் எழுதப்படவில்லை. எழுதினால் அதுவே ஒரு நல்ல வரலாறாகும். 1982-ம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் வந்த பின், பதிவு பெற்ற சீட்டை நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைக் கட்ட வேண்டும். அடுக்களைச் சீட்டுக்கு அப்பிணை இல்லை. அண்டை வீட்டாரின் நாணயமே பிணை.

தில்லி வளர்ச்சிக் கழகம் 1957-ம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. 1967-ல் வீடு கட்டத் தொடங்கியது. 1979-ல் அது ஒரு புதிய பதிவுத் திட்டத்தை வெளியிட்டது. நடுத்தர வருவாய், குறைந்த வருவாய், ஜனதா என்று மூன்று வகுப்புகள். வகுப்புக்கு ஏற்ப ஒரு பதிவுத் தொகை. தலைநகரில் முன்பணம் ஒரு குமாஸ்தாவின் கைக்கு எட்டிய பொருளாயிற்று. ஏறக்குறைய 1,71,000 பேர் பதிவு செய்தனர். அத்துணை வீடுகள் அன்று இருக்கவில்லை, கட்டத்தான் வேண்டும். வரிசை மெல்ல நகர்ந்தது. முறை வருவதற்குள் இருபது ஆண்டுகளுக்கு மேலும் காத்திருந்தவர் உண்டு. வீட்டின் விலையோ பதிவு செய்த நாளின் விலை அன்று. ஒதுக்கீடு பெறும் நாளின் விலை. விலையோ ஆண்டுதோறும் ஏறியது. கெட்லியின் விடுதியில் கடைசியாளர்க்கும் தன் முறை எந்த ஆண்டில் வரும் என்பது தெரியும். இங்கே அது தெரியாது. காத்திருத்தல் இரண்டிலும் உண்டு, இரண்டும் ஒன்றல்ல.

இதற்கிடையில் வேறு வழிகள் திறந்தன. 1977-ல் எச்.டி. பாரேக் வீட்டுக் கடனுக்கென்றே எச்.டி.எப்.சி. நிறுவனத்தைத் தொடங்கினார். 1988-ல் தேசிய வீட்டுவசதி பாங்கு தோன்றியது. ஐந்தாண்டு இடைவிடாது சேமிப்பவர்க்கு அச்சேமிப்பைப் பொறுத்து வீட்டுக் கடன் பெறும் தகுதி அளிக்கும் திட்டத்தை அது 1989-ல் வெளியிட்டது. சேமிக்கும் பழக்கத்தையே பிணையாகக் கொண்ட நல்ல எண்ணம் அது. ஆயின் பெரிய அளவில் வேரூன்றவில்லை. மக்கள் கடனை முதலில் நாடினரே ஒழிய, ஐந்தாண்டுக் காத்திருப்பை விரும்பவில்லை.

பணத்தைக் கையில் வைத்திருப்பவர் பொறுப்பு யாது என்னும் கேள்விக்குச் சட்டம் விடை கூறத் தொடங்கியது மிகப் பின்னரே. 1993-ல் லக்னோ வளர்ச்சிக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், வீடு தருவதாகப் பணம் பெறும் அரசுக் கழகங்களும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டவையே என்று தீர்ப்பளித்தது. 2016-ம் ஆண்டு வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் இன்னும் ஒருபடி சென்றது. விற்பனை உடன்படிக்கை எழுதிப் பதிவு செய்யும் முன் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வாங்கலாகாது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் நூற்றுக்கு எழுபதை அக்கட்டடத்துக்கென்றே தனிக் கணக்கில் இட வேண்டும். பால்பர் செய்ததை இங்கே எவரும் செய்யாதிருக்கவே இவ்விதி. 2018-ல் திவால் சட்டத்தைத் திருத்தி, கட்டுநர் முறிந்தால் வீட்டுக்குப் பணம் கொடுத்தவரையும் பாங்குகளைப் போன்றே நிதி தந்த கடனீந்தோராகக் கருத வழி செய்தனர்.

1979-ல் பதிந்தவர்களின் காத்திருப்பின் பெரும்பகுதி இச்சட்டங்களுக்கு முன்னரே கழிந்துவிட்டது. அவர்களுள் சிலரைத் தாக்கிய வேறொரு துன்பமும் உண்டு. பதிவுத் தாளில் முகவரி எழுத வேண்டுமன்றோ? குவார்ட்டர்ஸ்வாசிகள் குவார்ட்டர்ஸ் முகவரியையே எழுதினர். வாடகைக்கு இருந்தோர் வாடகை வீட்டின் முகவரியை எழுதினர். ஆண்டுகள் கழிந்தன. மாற்றல் வந்தது, பதவி உயர்ந்து வேறு குவார்ட்டர்ஸுக்குப் பெயர்ந்தனர், ஓய்வு பெற்றனர். முறை வந்தபோது ஒதுக்கீட்டுக் கடிதம் பழைய கதவெண்ணுக்குச் சென்று, பெறுவார் இன்றித் திரும்பியது. தவணை கட்டும் நாள் கடந்தமையால் ஒதுக்கீடு தள்ளுபடியாயிற்று. முகவரி மாற்றத்தை முறைப்படி எழுதித் தெரிவித்திருந்தும், கோப்பில் அது ஏறாமையால் வீட்டை இழந்தவரும் இருந்தனர். இவ்வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. மாற்றத்தைத் தெரிவித்திருந்தவர்க்கு, முன்னர் ஒதுக்கிய நாளின் விலையிலேயே வீடு தருவதென்று பின்னர்க் கழகம் நெறி வகுத்தது. அதற்குள் பதிவு செய்தவர் மறைந்து, மகனோ மகளோ அந்த ரசீதை எடுத்துக் கொண்டு வந்து நின்றதும் உண்டு.